ஆச்சு

புளியரை எடைமேடை. ஓணத்துக்கு ஆறு நாள்.
மேடையில் லாரி ஏறியதும் எடை தெரிந்துவிடும்,
இரும்புக்குத் தாமதம் கிடையாது.
எழுதி வைக்கத்தான் பதினோரு நொடி.

செங்கோட்டையில் ஒரு பெட்டி, தென்காசியில் ஒன்று,
மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் ஒன்று.
மூன்றும் தத்தம் வட்டில் எழுதி
மூன்றும் 'ஆச்சு' என்ற பிறகே
இங்கே சீட்டு கிழியும்.
வட்டு என்பது சுற்றுகிற தட்டு.
ஊசி தேடிப் போகவேண்டும்,
தேடிய இடம் சுற்றிக்கொண்டு வரும்வரை நிற்கவேண்டும்.
வண்டிக்கு எட்டுப் படம், இரவுக்கு நானூறு வண்டி.
ஊசி பாவம்.

வரிசை கட்டளைக்குடியிருப்பைத் தொட்டது.
கட்டுக்குள் கேந்திப்பூ வெந்தது.
நடுவில் டீக்கடை போட்டிருந்த தங்கச்சாமிக்கு மட்டும்
அந்தப் பதினோரு நொடியும் நல்ல நேரம்.

திருநெல்வேலி ஜங்ஷனில்
ஒரே ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி வந்தேன்.
உள்ளங்கை அகலம். உள்ளே எதுவும் சுற்றாது.
மின்தேக்கி வைத்த ரகம் கேட்டேன்,
முதலாளி விலையைக் கேட்டார்.
நானும் தலையாட்டினேன், அதை மறைப்பதற்கில்லை.
செங்கோட்டைப் பெட்டியில் வட்டுக்கு முன்னால் அதை நிறுத்திச் சொன்னேன்:
இரண்டாம் முறை கேட்பது உன்னிடம் இருக்கட்டும்,
ஒருமுறை கேட்டது கீழேயே கிடக்கட்டும்.
வருவதை நீ வாங்கிக்கொள்.
வாங்கிய கையோடு 'ஆச்சு' என்று சொல்லிவிடு.
வட்டுக்கும் மற்ற இரண்டு ஊருக்கும்
ஓய்ந்த நேரத்தில் கொடுத்துக்கொள்ளலாம்.

அரை நொடி!
வரிசை வெயிலில் வைத்த பனிக்கட்டி மாதிரி போனது.
தங்கச்சாமி கண்ணாடியைத் தட்டினார்.
"என்னம்மா செஞ்சே? ஒரு வண்டியும் நிக்க மாட்டேங்கு."
பால் திரிந்த முகம்.

மூன்றாம் இரவு இடி, மலையைப் பிளந்த மாதிரி.
செங்கோட்டை இருண்டது.
யூ.பி.எஸ். ஒருமுறை விக்கி அடங்கியது.
விடிந்து பெட்டி எழுந்தபோது
இரண்டு பதினேழுக்குப் பிறகு
எவனும் மலையேறவில்லை என்றது.

புனலூரிலிருந்து ஷிஜு கூப்பிட்டான்.
"ஷமீமா சேச்சி, இவிடெ ஒரு மத்தங்கா லோடு நிக்குந்நு.
சிஸ்டத்தில் அங்ஙனெ ஒரு வண்டியே இல்ல."
போன் கை மாறியது.
"சாம்பவர்வடகரை மாடக்கண்ணு பேசுதேன்.
பதினாலாயிரத்து முந்நூத்தி இருபது கிலோ, சீட்டு கையில இருக்கு.
நான் ஏறி எறங்குனதக்
கண்ணாடிக்குள்ள இருந்து நீ பாக்கலையாம்மா?"

பார்த்தேன்.
பார்த்தது ஒரு பிரதி.
அவர் கையில் வியர்வையில் மங்கும் சீட்டு இன்னொன்று.
மூன்றாவதைத் தேடிக் கதவு திறந்தேன்.
மேடையில் மழை கழுவாத ஓர் ஓரத்தில்
டயர் விட்டுப்போன செம்மண்.
யாருடைய டயரோ.

பதினொரு வண்டி. பதினொரு சீட்டைப் போனில் படிக்கக் கேட்டு
விரலால் அடித்தேன்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று ஊரும் 'ஆச்சு' சொல்லும்வரை
அடுத்ததைத் தொடவில்லை.
மாடக்கண்ணு லைனிலேயே இருந்தார்,
பின்னால் யாரோ மலையாளத்தில் ஹாரன் அடித்தபடி.

பிறகு ஒரு வரியை மாற்றினேன்:
படிப்பதற்கு நீ போதும்.
எழுதினால், புனலூரும் ஆமென்று சொன்ன பிறகு பேசு.
நான்கு நொடி ஆகிறது.
முதலாளி கேட்டார், அரைதானே இருந்தது என்று.
அரையில் இருந்தது வாக்கு மட்டும் என்றேன்.
புரிந்த மாதிரி தெரியவில்லை.

ஓணத்துக்கு முந்தின மாலை
வரிசை டீக்கடை வரை வந்து நின்றது,
அதைத் தாண்டவில்லை.
தங்கச்சாமி எனக்கொரு கிளாஸ் கொடுத்தனுப்பினார்.
காசு வாங்கவில்லை.
கணக்கில் எழுதியிருப்பார்.